இ-ரீடரா, டேப்லெட்டா? மொரீஷியஸில் தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸில் பல தமிழ் வீடுகளில் பிரெஞ்சு நாவலும் ஆங்கிலப் பாடநூலும் தேவாரத் தொகுப்பும் ஒரே மேசையில் கிடக்கும். அந்த மூன்றையும் ஒரே கருவியில் படிக்க வேண்டும் என்று கடைக்குப் போனால், அங்கே பேச்சு திரை அளவிலும் விலையிலும் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். எந்தக் கருவி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் படிக்கப்போகும் நூல்கள் எந்தக் கோப்பாகக் கிடைக்கின்றன என்பதுதான். தமிழுக்கு இது இரட்டிப்பு உண்மை. நம்முடைய நூல்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பக்கங்களாகவே இணையத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மின்னூல் படிப்பதற்கென்றே செய்த ஆறு அங்குல இ-ரீடரை வாங்கினால், அது சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும்.

முதலில் பத்து நூல்களின் பட்டியல்

அடுத்து படிக்க நினைக்கும் பத்து நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கே, என்ன கோப்பாகக் கிடைக்கிறது என்று தேடிக் குறியுங்கள். அரை மணி நேர வேலை. நூல்கள் நான்கு வகையில் அடங்கும்.

முதல் வகை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து திரைக்குள் அடங்கும் நூல்கள். இபப் என்ற வடிவில் உள்ள மின்னூல் கோப்புகளும் அமேசானின் கிண்டில் கடையில் விற்கும் பெரும்பாலான தமிழ் நாவல்களும் இதில் சேரும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூல்களுக்கு இபப் கோப்போடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் கோப்பும் உண்டு. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களில் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் வலைப்பக்கமாக இருப்பவற்றையும் இந்த வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். எப்படி என்று பின்னால் வருகிறது.

இரண்டாம் வகை ஸ்கேன் பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம், இண்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் இருக்கும் பழைய நூல்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தை மட்டும் தனியே பெரிதாக்க முடியாது.

மூன்றாம் வகை, பிரான்ஸ் கடைகளில் வாங்கும், நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட இபப். நான்காவது, வண்ணப் படமும் பெரிய பக்கமும் கொண்ட பள்ளிப் பாடநூல்கள், சிறுவர் நூல்கள், வார இதழ்கள், பிரெஞ்சு காமிக்ஸ்.

பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் முதல் வகையும் மூன்றாம் வகையுமாக இருந்தால் இ-ரீடர் வாங்குங்கள். இரண்டும் நான்கும் சேர்ந்து ஐந்தைத் தொட்டுவிட்டால் டேப்லெட்தான். வீட்டில் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே ஒரு டேப்லெட் இருந்தால், இன்னொரு டேப்லெட்டுக்குச் செலவழிக்காதீர்கள். அதையே ஸ்கேன் நூல்களுக்கு வைத்துக்கொண்டு, பெரியவர்களின் தொடர் வாசிப்புக்கு இ-ரீடர் வாங்குவதுதான் நல்லது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டேப்லெட்டை வாங்குங்கள். அதில் எல்லா வகைக் கோப்பும் திறக்கும்.

இரண்டு திரைகளும் செய்வது என்ன

இ-ரீடரில் உள்ள இ-இங்க் திரைக்குள் நுண்ணிய உறைகளில் வெள்ளை, கருப்புத் துகள்கள் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். வந்த நிறம் மின்சாரமே இல்லாமல் அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போதுதான் மின்கலம் செலவாகிறது. மீதிச் செலவு விளக்குக்கும் வைஃபைக்கும். வெளிச்சம் தாளில் படுவதைப் போலத் திரையில் பட்டுத் திரும்புவதால், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் நடுப்பகலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். டேப்லெட் திரை அங்கே கண்ணாடிபோல முகத்தைத்தான் காட்டும்.

மின்கலம் பத்து வாரம் நிற்கும் என்ற விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அமேசான் அந்தக் கணக்கை ஒரு நாளைக்கு அரை மணி நேர வாசிப்பு, வைஃபை அணைந்த நிலை, விளக்கு 13ஆம் படி என்று வைத்துப் போடுகிறது. பத்து வாரம் என்பது 35 மணி நேரம்தான். தினமும் இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு இரண்டரை வாரம் வரும். எட்டு முதல் பத்து மணி நேரம் தாங்கும் டேப்லெட்டோடு ஒப்பிட்டால் இதுவும் மிக அதிகம்.

தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தாளில் படித்த நாட்களைவிடத் தூக்கம் தள்ளிப்போனது. பங்கேற்றவர்கள் 12 பேர், திரையின் வெளிச்சம் முழு அளவு. ஆகவே அதை வைத்து டேப்லெட்டே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் பாதிப்பும் குறையும். ஆனால் இரவில் விளக்கணைத்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர் இ-ரீடரையே எடுப்பது நல்லது. அதன் விளக்கு திரையின் ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல் படிகிறது, கண்ணை நோக்கி வருவதில்லை.

தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா?

பலர் ஏமாறும் இடம் இது. கடையில் காட்டும் மாதிரிக் கருவியில் ஆங்கில நூல் அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்து தமிழ் இபப் கோப்பை ஏற்றினால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பு இடம் மாறி நிற்கும். இந்த இரண்டும் வெவ்வேறு கோளாறு, தீர்வும் வேறு.

சோதனைக்கு இந்த வரியை ஒரு சிறு கோப்பில் தட்டி இபப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்: "கௌரி வெண்ணெய் கொண்டு தைப்பூசத்துக்கு ஸ்ரீ முருகன் கோயிலுக்கு வந்தாள், க்ஷேமம்." தமிழில் உடையக்கூடிய சேர்க்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வரியில் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்தும் வெற்றுக் கட்டமாக வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். 'வெ' என்பதில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய், அருகே புள்ளிகளாலான ஒரு சிறு வட்டம் தெரிந்தால் எழுத்துரு இருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் மென்பொருள்தான் தமிழை அறியவில்லை. முதல் கோளாறுக்கு எழுத்துரு ஏற்றினால் போதும். இரண்டாவதற்கு எத்தனை எழுத்துரு ஏற்றினாலும் பயனில்லை.

அமேசானின் இ-ரீடரான கிண்டிலில் தமிழ் வடிவமைப்பு சரியாகவே வருகிறது. அமேசான் 2016 இறுதியில் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. உங்களிடம் உள்ள இபப் கோப்பை அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பலாம். வலைப்பக்கம் வழியாக 200 எம்பி வரையிலும் மின்னஞ்சலில் 50 எம்பி வரையிலும் செல்லும். மோபி என்ற பழைய வடிவ மின்னூல் கோப்புகளை இப்போது அந்த வழியில் அனுப்ப முடியாது. கையில் மோபி மட்டும் இருந்தால் காலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருளில் இபப் ஆக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் காலிபரில் நூலின் விவரப் பக்கத்தைத் திறந்து, மொழிப் பெட்டியில் 'தமிழ்' என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே ஆங்கிலம் என்று இருந்தால் கருவி ஆங்கில எழுத்துருவையும் ஆங்கில அகராதியையும் எடுத்துக்கொள்ளும். பிரெஞ்சு நூலுக்கும் இதே விதி: மொழி பிரெஞ்சு என்று குறித்திருந்தால்தான் சொல்லின் மேல் விரல் வைத்ததும் பிரெஞ்சு அகராதி திறக்கும்.

எழுத்துருவை மாற்ற விரும்பினால் வழி எளிது.

1. கூகுளின் எழுத்துருத் தளத்திலிருந்து நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர் எழுத்துருவை இறக்குங்கள். இரண்டும் இலவசம். சுருக்கக் கோப்பை விரித்ததும் உள்ளே பல கோப்புகள் இருக்கும். தடிமன் மாறக்கூடிய ஒற்றைக் கோப்பை விட்டுவிட்டு, 'ரெகுலர்', 'போல்ட்' என்று தனித்தனியாக உள்ள இரண்டை எடுங்கள். தடிமன் மாறும் கோப்பைப் பல இ-ரீடர்கள் சரியாகக் கையாளுவதில்லை.
2. கருவியை யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணையுங்கள். கிண்டிலில் 'ஃபான்ட்ஸ்' என்ற உறை ஏற்கெனவே இருக்கும். இன்னொரு வகை இ-ரீடரான கோபோவில் இல்லாவிட்டால் அதே பெயரில் நீங்களே மேல்மட்டத்தில் ஒன்றை உருவாக்குங்கள். எழுத்துருக் கோப்புகளை அதற்குள் போடுங்கள்.
3. கருவியை முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கம்பியை எடுங்கள். நூலைத் திறந்து எழுத்து அமைப்புப் பட்டியலில் புதிய பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த வசதி 2018 நடுப்பகுதி முதல் வந்த கிண்டில் மென்பொருளில்தான் உண்டு. பழைய கருவியானால் முதலில் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

கோபோவில் நிலை வேறு. சாதாரண இபப் கோப்பை அது அடோபியின் மென்பொருளைக் கொண்டு திறக்கிறது. அந்த வழியில் தமிழ்க் கொம்புகள் பெரும்பாலும் உடையும். அதே நூலைக் கோபோவின் சொந்த வடிவமான கெபப் ஆக மாற்றினால் வேறொரு மென்பொருள் திறக்கும். அதில் எழுத்துகள் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். 2025இல் வந்த காலிபரின் எட்டாம் பதிப்பிலிருந்து கெபப் மாற்றம் உள்ளேயே இருக்கிறது. மாற்றும்போது எழுத்துருவை நூலுக்குள்ளேயே பதிக்கும் தெரிவையும் அழுத்திவிடுங்கள். அப்படியும் மேலே சொன்ன சோதனை வரி உடைந்தால் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளைக் கோபோவில் நிறுவுங்கள். ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நிரலை அது பயன்படுத்துவதால் தமிழ் பிசகாமல் வரும். பாக்கெட்புக் கருவிகளிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அது ஓடும். கிண்டிலில் நிறுவ வேண்டுமானால் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். புதிதாக வாங்கிய கருவியில் அதைச் செய்யச் சொல்ல மாட்டோம்.

மதுரைத் திட்டத்தின் யூனிகோடு வலைப்பக்கத்தை நூலாக்க, உலாவியில் பக்கத்தை 'முழுப் பக்கம்' என்று சேமித்து, அந்தக் கோப்பைக் காலிபரில் இழுத்துப் போட்டு, தலைப்பும் மொழியும் நிரப்பி, இபப் ஆக மாற்றினால் போதும். செய்யுள் வரிகள் பெரும்பாலும் உடையாமல் நிற்கும். ஆறு அங்குலத் திரையில் நீண்ட அடிகள் மடிந்து விழுந்தால் கருவியைக் குறுக்காகத் திருப்புங்கள். விருத்தப் பாடலின் அடி முழுதாகத் தெரியும்.

ஸ்கேன் பிடிஎஃப்: கணக்கு போட்டுப் பாருங்கள்

ஆறு அங்குல இ-ரீடர் திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அந்தப் பக்கத்தை முழுதாகக் காட்டினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கும். ஆங்கிலத்தில் அதைக்கூட ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் ஒற்றுப் புள்ளி மறையும், ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தோன்றும், 'ளு' எது 'ளூ' எது என்று தெரியாது.

ஆனால் எல்லா ஸ்கேனும் ஏ4 இல்லை. பழைய தமிழ் நூல்களில் பல கிரவுன் அளவிலும், அதைவிடச் சற்றுப் பெரிய டெம்மி அளவிலும் அச்சானவை. கிரவுன் நூலின் தாள் அகலம் பன்னிரண்டரை செ.மீ. அளவில் இருக்கும், ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி பத்து செ.மீ.க்குள் அடங்கும். ஏழு அங்குல இ-ரீடரின் திரை அகலம் 10.7 செ.மீ. ஆகவே ஓரம் வெட்டிய கிரவுன் நூல் ஏழு அங்குலத்தில் அச்சுப் பிரதியின் எழுத்தளவிலேயே தெரியும். இதற்காகவே, தமிழ் படிப்பவர்கள் ஆறு அங்குலத்தை விட்டு ஏழுக்குப் போவது நல்லது என்கிறோம். கூடுதல் விலைக்கு உண்மையான பயன் இருக்கிறது.

ஓரம் வெட்டவும் வரிகளை மடிக்கவும் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸில் சாளரத்தோடு திறக்கும் பதிப்பு உண்டு. கோப்பைக் கொடுத்து, பட்டியலில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்து, முதலில் பத்துப் பக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது சொற்களைப் படத் துண்டுகளாக வெட்டி அடுத்த வரிக்கு நகர்த்துவதால் எந்த மொழியாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உரைநடை நூலுக்கு வரி மடிக்கும் முறை நன்றாக வரும். செய்யுளுக்கும் அட்டவணைக்கும் ஓரம் மட்டும் வெட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்கம் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால் நேராக்கும் தெரிவையும் போடுங்கள். கேஓரீடரில் இதே வேலையைக் கருவியிலேயே செய்யும் வசதி இருக்கிறது; எழுத்தைக் கருப்பாக்கும் அமைப்பும் உண்டு. பழுப்பேறிய தாளின் ஸ்கேன் இ-இங்க் திரையில் சாம்பல் படிந்து தெரியும்போது அது மிகவும் கைகொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 100 எம்பிக்கு மேற்பட்ட ஸ்கேன் கோப்பை இ-ரீடரில் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சில நொடிகள் காத்திருக்க நேரும். ஆய்வுக்காகப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டுபவர், பழைய இதழ்த் தொகுப்புகளைப் பார்ப்பவர், டெம்மிக்கு மேற்பட்ட பக்கங்களைப் படிப்பவர் ஆகியோர் டேப்லெட்டுக்கே போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் கோப்பைக் காலிபரில் நேரடியாக இபப் ஆக்க முயலாதீர்கள். ஸ்கேன் என்றால் உள்ளே எழுத்தே இல்லை. ஸ்கேன் அல்லாத தமிழ் பிடிஎஃப் பலவும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். மாற்றியதும் அவையே வெளியே வரும். ஒரு வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, மாற்றலாம்.

பிரெஞ்சு நூல்கள்

பிரான்ஸ் கடைகளில் விற்கும் இபப் நூல்கள் சில அடோபி பூட்டோடும் சில, வாங்கியவரைக் காட்டும் வெறும் நீர்க்குறியோடும் வரும். பூட்டுள்ளதை வாங்கினால் முதலில் ஒரு சிறு கோப்பு இறங்கும். அதை அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளில் உங்கள் கணக்கோடு திறந்து, கம்பி வழியாகக் கருவிக்கு அனுப்ப வேண்டும். கோபோ, பாக்கெட்புக், விவ்லியோ கருவிகள் இதை ஏற்கும். கிண்டில் ஏற்காது. நீர்க்குறி நூல்களைக் கிண்டிலுக்கும் அனுப்பலாம். பிரெஞ்சு நாவல்தான் வீட்டில் அதிகம் என்றால் கோபோ, தமிழ் நாவல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர் என்றால் கிண்டில்: இந்தப் பிரிவு பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

கிண்டிலில் வாங்கும் நூல் அமேசான் கணக்கோடு கட்டுண்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வழியையும் அமேசான் நிறுத்திவிட்டது. இப்போது பெரும்பாலான நூல்கள் வைஃபை வழியாகவே வரும். நாளை வேறு கருவிக்கு மாறினால் அந்த நூல்களில் பெரும்பாலானவை கூடவே வராது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

இ-ரீடரில் எதைப் பார்த்து வாங்குவது

அங்குலத்துக்கு 300 புள்ளி கூர்மை வேண்டும். தமிழ்ச் சுழிகளுக்கு இதில் சமரசம் வேண்டாம். விளக்கின் நிறத்தை மஞ்சளுக்கு மாற்றும் வசதி இரவு வாசகருக்குத் தேவை. சேமிப்பு 16 ஜிபி தாராளம்: எழுத்து மட்டும் உள்ள நூல் ஒன்று ஓரிரு எம்பிதான். பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள கருவி மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு ஏற்றது. கோயிலில் திருநீறு தொட்ட கையோடு பாடல் தொகுப்பைத் திருப்புபவர்களுக்கும் அதுவே வசதி.

வண்ண இ-இங்க் கவர்ச்சியாக இருக்கும். இப்போதைய கலைடோ 3 திரையில் கருப்பு வெள்ளை 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி. வண்ண வடிகட்டி மேலே படர்ந்திருப்பதால் பக்கம் எப்போதும் சற்று இருண்டே தெரியும், பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். நாவலும் திருமுறையும் படிப்பவருக்குக் கருப்பு வெள்ளைத் திரையே தெளிவு.

நீர் தாங்கும் ஐபிஎக்ஸ்8 தரம் உள்ள கிண்டில், கோபோ கருவிகள் இரண்டு மீட்டர் ஆழ நன்னீரில் 60 நிமிடம் தாங்கும். கடல்நீர் வேறு. அலை பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துளை கீழே பார்க்க நிறுத்தி, முழுதும் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் இணைப்பு முனைகள் அரித்துவிடும். நீரைவிடப் பெரிய எதிரி அழுத்தம். திரையின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பேருந்தில் நெருக்கியடித்து நிற்கும்போது பைக்குள் சாவிக்கொத்து அழுத்தினால் உள்ளே விரிசல் விட்டு, கருப்புக் கோடுகள் நிரந்தரமாகிவிடும். திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். கெட்டியான உறையைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

டேப்லெட் என்று முடிவு செய்தவர்களுக்கு

ஸ்கேன் நூல்களுக்கு 10 முதல் 11 அங்குலம் வேண்டும். திரையின் வடிவத்தையும் பாருங்கள்: படம் பார்க்கவென்று நீண்டு ஒடுங்கிய திரையைவிட, 4க்கு 3 என்ற விகிதம் புத்தகப் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். கூர்மை குறைந்தது 1920க்கு 1200, நினைவகம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி, கூடவே நினைவக அட்டைக்கு இடம். இந்த அளவு டேப்லெட் அரை கிலோவுக்கு அருகில் எடை இருக்கும். 200 கிராம் அளவுள்ள இ-ரீடரைப் போலப் படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது. ஒரு தாங்கி வாங்கிவிடுங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை: இரவு ஒளி அமைப்பை மாலை ஏழு மணிக்குத் தானே தொடங்கும்படி வைப்பது, வாசிப்புச் செயலிகளைத் தவிர மற்றவற்றின் அறிவிப்புகளை அணைப்பது, வாசிப்புச் செயலியில் வெள்ளைப் பின்னணியை மங்கிய மஞ்சளுக்கு மாற்றுவது. ரீட்எரா, லிப்ரெரா என்ற வாசிப்புச் செயலிகள் இரண்டும் தமிழ் இபப் கோப்புகளைச் சரியாகக் காட்டும். பிடிஎஃப் ஓரத்தை வெட்டவும் செய்யும்.

டேப்லெட்டின் பெரிய பலம் வாசித்துக் காட்டும் வசதி. கண்புரை, சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்கள் இருக்கும் வீட்டில் இதற்காகவே டேப்லெட் வாங்கலாம். தமிழ் பேசப் புரியும், எழுத்துதான் தடுமாறும் என்கிற இளையவர்கள் நம் தீவில் நிறைய இருக்கிறார்கள். ஒலியைக் கேட்டுக்கொண்டே வரியைப் பின்தொடர்வது அவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் பேச்சு வெளியீட்டுக்குப் போய், கூகுளின் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, குரல் தரவை இறக்கிவிடுங்கள். இறக்காமல் விட்டால் இணையம் இல்லாத இடத்தில் குரல் வராமல் போகலாம். பிறகு ரீட்எராவில் நூலைத் திறந்து வாசிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக்கொண்டால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். ஸ்கேன் நூலை இது வாசிக்காது. அதற்குப் பக்கங்களைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து தமிழ் எழுத்து பிரிந்து வரும். அச்சு தெளிவாக இருந்தால் பிழைகள் குறைவாக இருக்கும். பழைய ஈய அச்சில் அதிகம்.

மொரீஷியஸில் வாங்கும்போது

வெளிநாட்டுத் தளங்களில் விலையைப் பார்த்ததும் மகிழ வேண்டாம். அனுப்பும் செலவையும், இங்கே பொருளுக்கு வரும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிடுங்கள். தளம் மொரீஷியஸ் முகவரிக்கு அனுப்புமா என்பதை முகவரியை உள்ளிட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். கிண்டில் என்றால் கருவிக்கு முன் கணக்கைச் சோதியுங்கள்: மொரீஷியஸ் முகவரியுள்ள கணக்கில் நுழைந்து, உங்கள் பட்டியலில் உள்ள மூன்று தமிழ் நூல்களைத் தேடி, வாங்கும் பொத்தான் வருகிறதா பாருங்கள். நூலின் விற்பனை உரிமை நாட்டுக்கு நாடு மாறும். அந்தப் பொத்தான் வராவிட்டால் கிண்டில் வாங்குவதற்கான முக்கியக் காரணமே போய்விடுகிறது.

ரெயூனியனில் இருந்தோ பிரான்சிலிருந்தோ உறவினர் வாங்கி வந்தால், அங்கே சட்டப்படி இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. பழுதானால் பொருளும் ரசீதும் அங்கேதான் திரும்பிப் போக வேண்டும். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரும் மெல்லிய இரண்டு முள் சார்ஜர்கள் இங்குள்ள இரு முள் துளைகளில் நுழையும். வீட்டில் சதுர மூன்று முள் துளை மட்டும் இருந்தால் மாற்றி வேண்டும். சாதாரணக் கைபேசி சார்ஜரே இ-ரீடருக்குப் போதும். இரு முனையும் டைப்-சி ஆன கம்பியில் சில இ-ரீடர்கள் சார்ஜ் ஏறாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கும் முன், ஒரு முனை பழைய தட்டையான யுஎஸ்பி ஆக உள்ள கம்பியால் போட்டுப் பாருங்கள்.

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை சூறாவளிப் பருவம். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மின்சாரமும் இணையமும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. முதல் எச்சரிக்கை வந்ததுமே நூல்களைக் கருவிக்குள் இறக்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நூலகப் பட்டியலில் அட்டை தெரிவதால் மட்டும் நூல் இறங்கிவிட்டதாகப் பொருளில்லை. பிறகு விமானப் பயண நிலையில் போட்டு வையுங்கள்.

பழைய கருவி வாங்குவதானால்

முதலில் மாதிரியின் ஆண்டைக் கேளுங்கள். 2022க்கு முந்தைய அடிப்படைக் கிண்டிலின் கூர்மை 167 புள்ளிதான்; தமிழுக்கு வேண்டாம். கிண்டில் பேப்பர்வைட் மாதிரியில் 300 புள்ளி 2015இல்தான் வந்தது. மிகப் பழைய சில கருவிகளில் தொடுதலை உணர்வது திரையின் ஓரத்தில் ஓடும் அகச்சிவப்புக் கதிர். ஓர மடிப்பில் தூசியோ மணலோ தங்கினால் பக்கம் தானாகத் திரும்பும். மென்மையான தூரிகையால் நான்கு ஓரங்களையும் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், நின்றுவிட்டால் பழுதில்லை.

விளக்கை முழு அளவில் வைத்து வெற்றுப் பக்கத்தைப் பாருங்கள். மாறாத கரும்புள்ளியோ கோடோ இருந்தால் திரை அடிபட்டிருக்கிறது. முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தெரிவது இ-இங்க்கின் இயல்பு. பக்கத்துக்குப் பக்கம் முழுதாகப் புதுப்பிக்கும் அமைப்பைப் போட்டதும் அது மறைய வேண்டும். மின்கலத்தைச் சோதிக்க, விளக்கைப் பாதியில் வைத்து அரை மணி நேரம் பக்கம் திருப்புங்கள். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் மின்கலம் தேய்ந்திருக்கலாம். கடைசியாக, விற்பவர் உங்கள் கண்முன்னே தன் கணக்கை நீக்கி, ஆலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மாற்றித் தர வேண்டும். உங்கள் கணக்கில் கருவி பதிவான பிறகே பணத்தைக் கொடுங்கள். தொலைந்ததாகப் புகார் செய்யப்பட்ட கிண்டில் புதிய கணக்கில் பதிவாகாமல் போகலாம்.